ஈச்சங்கோம்பைக்குப் போன தையல் மிஷின்

பொங்கல் கழிந்து நாலாம் நாள். ஓமலூர்க் கடைவீதியில் அரிசி மண்டியின் முன்தாழ்வாரத்தில் தையல் கடை வைத்திருந்த வெங்கடாசலம், வேலை ஒன்றும் இல்லாமல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பொங்கலுக்கு முந்திய இருபது நாளும் அவனுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. பொங்கலன்று ஊரே புதுத்துணி போட்டுக்கொண்டு நடக்கும். அப்புறம் பங்குனி வரைக்கும் கடைப்பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவன் மனைவி செல்லியம்மாள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான், காஜா, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அவள் பாடு. மிஷினை மட்டும் அவள் தொட்டதில்லை. "ஒரு கைக்குப் பழகுன மிஷினு. இன்னொரு கை பட்டா தையல் கோணிப்போயிரும்" என்று கல்யாணமான புதிதிலேயே அவன் சொல்லியிருந்தான். பத்து வருஷமாக அவளும் அதை அப்படியே நம்பி வந்தாள்.

அப்போதுதான் தலையில் பெரிய துணிமூட்டையோடு ஒருத்தி வந்து நின்றாள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்த, எலும்பு கெட்டியான உடம்பு. ரவிக்கை போடாமல் சேலையை இழுத்து வரிந்து கட்டியிருந்தாள்.

"தையக்காரர் நீங்கதானுங்களா? இந்த வீதியில ரெண்டு பேருகிட்டக் கேட்டுப் பாத்துட்டேன். தூரம்னு சொல்லிட்டாங்க. நீங்களும் அதையேதான் சொல்லுவீங்களா?"

"எந்தூருங்கக்கா?"

"ஈச்சங்கோம்பை. மேட்டூர் டேமுத் தண்ணிக்கு அக்கட்டால, காட்டுக்குள்ள. பரிசல்ல ஒரு பகல் போவோணும்."

அவள் பெயர் காளியாத்தாள். மகள் பாவாயிக்கு மேட்டூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறது. அணைக்கட்டுப் பட்டறையில் வேலை செய்கிற பையன். நிச்சயதார்த்தத்துக்கு ஈச்சங்கோம்பைப் பெண்கள் எட்டுப் பேர் மேட்டூருக்குப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் ரவிக்கை போட்டிருந்தார்கள்.

"யாரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. சோறு போட்டாங்க, நல்லாத்தான் பேசுனாங்க. ஆனா ஒரு புள்ள இன்னொரு புள்ளைய இடிச்சுட்டு எங்களப் பாத்துச்சு பாருங்க, அந்தப் பார்வைதான் மனசுல நிக்குது" என்றாள் காளியாத்தாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தத்தைவிட வீம்புதான் அதிகம் இருந்தது. "கண்ணாலம் எங்க ஊருல. அவுங்க அத்தன பேரும் பரிசல் ஏறி வருவாங்க. வரட்டும், அன்னிக்கு எங்க ஊருப் பொம்பளைங்களப் பாக்கட்டும். நாங்க பத்தொம்பது பேரும் தேனும் புளியும் வித்து ஆளுக்கொரு ரவிக்கைத் துணி எடுத்துட்டோம். தைக்கறதுக்குத்தான் ஆளில்ல."

மூட்டையை அவிழ்த்தாள். சிவப்பில் சின்ன மஞ்சள் பூப்போட்ட சீட்டித்துணி. எல்லாம் ஒரே துணி.

வெங்கடாசலம் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தான். இருபது வயதிலிருந்து இந்தத் தாழ்வாரத்தைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்து தைத்ததில்லை அவன். பரிசல், காடு என்று கேட்டதுமே அவன் கண் பளபளத்துவிட்டது.

"பொம்பளைங்களுக்கு அளவெடுக்கோணுமே. செல்லி, நீயும் வாறியா?"

"தண்ணி மேலயா?" என்றாள் செல்லியம்மாள். ஓமலூர் ஏரியில் முழங்காலுக்குமேல் அவள் இறங்கினது கிடையாது. ஆனால் காளியாத்தாள் சொன்ன அந்தப் பார்வை அவள் மனதில் தைத்துவிட்டிருந்தது. ஒரு நிமிஷம் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு யோசித்தாள். "அத்தாயி ஊட்டுல புள்ளைங்கள உட்டுட்டு வாரேன்" என்றாள்.

அத்தாயி வெங்கடாசலத்தின் அக்கா. இரண்டு பெண்பிள்ளைகளையும் அவள் வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வியாழக்கிழமை இருவரும் விடியற்காலைப் பஸ்ஸில் மேட்டூர் போய் இறங்கினார்கள். அது கையால் சுற்றுகிற மிஷின். மரப்பெட்டிக்குள் வைத்து, கயிறு கட்டி, பிள்ளையைத் தூக்குவதுபோல் வெங்கடாசலம் தோளில் தூக்கிக்கொண்டான். செல்லியம்மாள் இடுப்பில் கத்தரி, நூற்கண்டு, கட்டுச்சோறு எல்லாம் ஒரு மூட்டையாகவும், தலையில் காளியாத்தாள் விட்டுப்போன துணிமூட்டையும் இருந்தன.

அணைக்கு மேலே ஒரு கல் தொலைவு நடந்தால் பரிசல் துறை. காளியாத்தாள் சொல்லி அனுப்பியிருந்த சடையன் அங்கே காத்திருந்தான். ஐம்பது வயதுக்காரன். ஈச்சங்கோம்பைக்கும் மேட்டூருக்கும் பரிசல் விடுவதுதான் அவனுக்குத் தொழில். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் எருமைத்தோல் போர்த்திய அந்த வட்டப் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தபோது செல்லியம்மாளுக்குப் பெரிய கோழிக்கூடை மாதிரி தெரிந்தது. அதைப் புரட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டு, "ஏறுங்க அம்மணி" என்றான் சடையன்.

"இதுலயா?"

"இதுலதான் நாலு மூட்டை உப்பு வரும், ஆறு ஆளு வரும். நடுவால உக்காந்துட்டு அசையாம இருந்தீங்கன்னா போதும்."

செல்லியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள். பரிசல் அப்படியே காலுக்கடியில் நழுவியது. குபுக்கென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெங்கடாசலம் மிஷின் பெட்டியோடு ஏறி எதிரே உட்கார்ந்தான். சடையன் ஒரு முழங்காலை ஊன்றித் துடுப்பை முன்னால் போட்டு இழுத்தான். கரை மெதுவாகப் பின்னால் போயிற்று.

வெகுநேரம் அவள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. பரிசலின் அடியில் தண்ணீர் புகாமல் கீல் பூசியிருந்த ஒரு மூங்கில் பிளாச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தோலில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வெங்கடாசலம் "இங்க பாரு புள்ள" என்று கூப்பிட்டபோது தலையை நிமிர்த்தினாள்.

இடதுபக்கம் பாலமலை நீலமாக எழும்பியிருந்தது. அதன் அடிவரைக்கும் தண்ணீர்தான். வானத்தின் மேகம் அத்தனையும் அதற்குள்ளே கிடந்தது. தொலைவில் ஒரு வெள்ளைக் கொக்கு எதன்மேலோ நின்றுகொண்டிருந்தது. கிட்டே போனபோது அது ஒரு மொட்டைப் பனையின் உச்சி என்று தெரிந்தது. மரம் முழுவதும் தண்ணீருக்குள் இருக்க, நுனி மட்டும் ஒரு முழம் வெளியே நின்றது.

"டேமு கட்டுறதுக்கு முந்தி இதெல்லாம் ஊரு" என்றான் சடையன், துடுப்பை நிறுத்தாமலே. "இப்ப நாம்ப போறமே, இதுக்கு நேர் கீழதான் என்ற மாமனாரு சோளக்காடு. ஒரு வருசமும் ஒழுங்கா வெளஞ்சதில்ல. இப்ப அதே எடத்துல வல போட்டா கெண்டை கெண்டையா வருது. அவரு ஒருக்கா சொன்னாரு, இந்தக் காட்டுல இப்பத்தான் மாசூலு எடுக்கறேன்னு."

செல்லியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது ஒரு கை விளிம்பை விட்டுவிட்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

உச்சி நேரத்தில் ஒரு பாறை நிழலில் பரிசலை ஒதுக்கிக் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். புளிச்சோறும் எள்ளுத் துவையலும். சடையன் தன் மடியிலிருந்து சுட்ட மீனை எடுத்துப் பங்கு வைத்தான். தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார்கள். ஓமலூர்க் கிணற்றுத் தண்ணீரின் உப்புக் கரிப்பு இல்லாமல் அது வெறும் குளிர்ச்சியாக இறங்கியது. செல்லியம்மாள் இன்னும் இரண்டு கை அள்ளிக் குடித்தாள்.

அதற்கப்புறம்தான் காற்று வந்தது. மலைச்சந்தில் புகுந்து வருகிற காற்று. சடையன் வானத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அகலத்தத் தாண்டிட்டா கவலையில்ல" என்று வேகமாகத் துடுப்புப் போட்டான். பாதி தாண்டுவதற்குள் அலை எழும்பிவிட்டது. பரிசல் ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிற்று. பிறகு தன்னையே சுற்ற ஆரம்பித்தது. பாலமலை ஒரு சுற்று முன்னால் வந்தது, ஒரு சுற்று பின்னால் போயிற்று.

"தலையக் கீழ போட்டுட்டுக் குனிஞ்சு உக்காருங்க!" என்று கத்தினான் சடையன்.

தண்ணீருக்குள் மறைந்து நின்ற ஒரு மரக்கட்டையில் பரிசல் மோதியது. ஒருபக்கம் அப்படியே சாய்ந்தது. மிஷின் பெட்டி வழுக்கிக்கொண்டு விளிம்பை நோக்கிப் போயிற்று. வெங்கடாசலம் பாய்ந்து வலதுகையை அதற்குக் குறுக்கே கொடுத்தான். பெட்டியின் கனம் முழுவதும் அவன் மணிக்கட்டை மூங்கில் விளிம்போடு வைத்து நசுக்கியது. சுள்ளி ஒடிகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் "அம்மா" என்றான். ஆனால் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மிஷின் தண்ணீருக்குள் போயிருக்கும்.

தான் என்ன செய்தோம் என்று பிற்பாடு யோசித்தால் செல்லியம்மாளுக்கே ஞாபகம் வராது. பெட்டிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, காலை எதிர் விளிம்பில் உதைத்து, மல்லாந்து விழுந்து இழுத்தாள். பெட்டி நடுவுக்கு வந்தது. பரிசலும் நேரானது. அப்போதுதான் முதுகில் சில்லென்று பட்டது. கட்டை குத்தின இடத்தில் தோல் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து தண்ணீர் குமிழியிட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"எதையாச்சும் வெச்சு அமுக்குங்க அம்மணி!"

தன் முந்தானையைச் சுருட்டிக் கிழிசலில் திணித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு கையால் சொம்பை எடுத்துத் தண்ணீரை இறைத்தாள். சடையன் மூச்சு வாங்க வலித்து, அரை நாழிகையில் ஒரு சின்னத் திட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான். முன்பு ஒரு கரட்டின் உச்சியாக இருந்த இடம் அது. நாலு வேலாமரமும் கொஞ்சம் புல்லும்தான் இருந்தன.

வெங்கடாசலத்தின் மணிக்கட்டு அதற்குள் வீங்கிவிட்டது. செல்லியம்மாள் அவன் துண்டைக் கிழித்துக் கழுத்திலிருந்து தூளி மாதிரி கட்டிக் கையை அதில் வைத்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"மிஷின் நனைஞ்சுதா பாரு" என்றான்.

திறந்து பார்த்தாள். மேல்துணி மட்டும் ஈரம். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. துணிமூட்டையும் மெழுகுச்சீலைக்குள் காய்ந்தே இருந்தது. அவன் அப்படியே வேலாமரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

சடையன் பரிசலைக் கவிழ்த்து, எப்போதும் கூடவே வைத்திருக்கிற தோல்துண்டையும் கீல் டப்பாவையும் எடுத்தான். தோலை ஒட்டுப்போடக் கோணி ஊசியும் சணலும் அவனிடம் இருந்தன. ஆனால் துடுப்புப் போட்டுப் போட்டு அவன் விரல் மரத்துப்போயிருந்தது. ஊசி தோலில் இறங்காமல் வழுக்கியது.

"இங்க குடுங்க" என்றாள் செல்லியம்மாள்.

தோலை மடித்துக் கொடுத்து, உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று நெருக்கமாகப் போட்டாள். ஒவ்வொரு தையலையும் பல்லால் இழுத்து இறுக்கினாள். சடையன் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிக் கீலை உருக்கி மேலே பூசினான். பூசுவதற்கு முன்னால் ஒட்டை விரலால் தடவிப் பார்த்து, "நான் போட்ட ஒட்டெல்லாம் இதுக்குப் பொறத்தாலதான் நிக்கோணும்" என்றான்.

காற்று அடங்கின பிறகு மறுபடி ஏறினார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. பொழுது இறங்குகிற நேரத்தில் ஏரி ஒரு பக்கம் விரல்போல் காட்டுக்குள் நீண்டது. இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீர்மேல் கவிந்திருந்தன. ஈச்சம்புதர்களின் நடுவே புகை தெரிந்தது. நாய் குரைத்தது. கரையில் ஒரு கூட்டமே நின்றது. முன்னால் காளியாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டாங்கடி, மிஷினு வந்துருச்சு!" என்று கத்தினவள், தூளியில் தொங்கின கையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிறவர் செங்கோட்டையன் என்பவர். அவர் மணிக்கட்டைத் தொட்டுத் தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே திடீரென்று ஒரு இழுப்பு இழுத்தார். வெங்கடாசலத்துக்குக் கண்ணில் பொறி பறந்தது. பிறகு முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பைகள் வைத்துக் கட்டினார்.

"எலும்பு சேந்துரும். ஆனா ஒரு மாசத்துக்கு இந்தக் கையில ஒரு வேலையும் ஆவாது."

கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

அன்று சோளச்சோறும் கொள்ளுக் குழம்பும் கொடுத்தார்கள். செல்லியம்மாள் அவனுக்கு உருண்டை பிடித்து ஊட்டினாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கே திரும்பிரலாம். அந்தக்காகிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான் வெசனமா இருக்குது" என்றான்.

"நான் சுத்தறேன். நீங்க இடது கையில துணியப் புடிச்சுத் தள்ளுங்க" என்றாள் அவள்.

"அந்த மிஷினு என்ற கைக்குப் பழகுனது புள்ள."

"உங்க கைதானே துணியத் தள்ளப்போவுது? சுத்தறது யாரு சுத்துனா என்ன?"

அவன் அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தான்.

மறுநாள் காலையில் காளியாத்தாள் வீட்டுக்குள் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு செல்லியம்மாள் அளவெடுத்தாள். எண் படிக்க அவளுக்குத் தெரியாது. எப்போதும் அவள் அளந்து விரலை வைத்துக் காட்ட, வெங்கடாசலம் டேப்பைப் பார்த்து எழுதிக்கொள்வான். இங்கே அவனும் எழுத முடியாது, உள்ளே வரவும் முடியாது. அவள் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுக் கற்றாழை நார் கேட்டாள். ஆளுக்கொரு நார். தோளுக்கு ஒரு முடிச்சு, மார்புக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று. எது யாருடையது என்று தெரிய நுனியில் ஒவ்வொன்றைக் கட்டினாள். காளியாத்தாளுக்குப் புளியங்கொட்டை, கல்யாணப் பெண் பாவாயிக்குக் குன்றிமணி, இன்னொருத்திக்குக் கோழி இறகு, இன்னொருத்திக்கு உடைந்த வளையல் துண்டு.

கந்தம்மாள் என்று ஒருத்தி மட்டும் கிட்டவே வரவில்லை. தேனெடுக்கப் பாறையிலும் மரத்திலும் ஏறுகிறவள் அவள்.

"அதுக்குள்ள கையப் பூட்டி வெச்சுட்டா நான் எப்புடி மரம் ஏறறது? எனக்கு வேண்டாம்" என்றாள்.

"உன்ற துணிய என்ன பண்றது?" என்று காளியாத்தாள் சண்டைக்குப் போனாள்.

"வேற எதையாச்சும் தெச்சுக்கறேன். ஏம்மிணி, ஒரு சுருக்குப்பை தெச்சுக் குடுப்பியா? பெருசா, வெத்தலையும் பொயிலையும் போடறாப்புல?"

"தாராளமா" என்றாள் செல்லியம்மாள்.

வெளியே புளியமரத்தடியில் பலகை போட்டு மிஷினை வைத்தார்கள். வெங்கடாசலம் சொல்லச் சொல்ல அவள் துணியை வெட்டினாள். முதல் ரவிக்கை காளியாத்தாளுடையது. அவள் பிடியைச் சுற்றினாள், அவன் இடதுகையால் துணியைத் தள்ளினான். அவள் சுற்றுகிற வேகத்துக்கு அவன் தள்ளவில்லை. அவன் தள்ளுகிறபோது அவள் நிறுத்திவிட்டாள். "மெதுவா", "இப்பச் சுத்து", "ஏன் நிறுத்துன?" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். தையல் மண்புழு போன வழி மாதிரி போயிற்று. கடைசியில் காளியாத்தாள் போட்டுப் பார்த்தபோது இரண்டு கையும் மேலே எழும்பவில்லை. வலது கையை இடதிலும் இடது கையை வலதிலும் மாற்றித் தைத்துவிட்டிருந்தார்கள்.

காளியாத்தாள் பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றாள். கந்தம்மாள்தான் முதலில் சிரித்தாள். "நாஞ் சொன்னனா, கையப் பூட்டி வெச்சுருவாங்கன்னு?" பிறகு எல்லாரும் சிரித்தார்கள். காளியாத்தாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஒரு பக்கத் தையல் விட்டுப்போயிற்று.

செல்லியம்மாள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரவிக்கையை வாங்கி ஒரு முள்ளால் தையலைப் பிரித்தாள். பிரித்து முடித்ததும், "ஏனுங்க, நீங்க சித்த நவுந்து உக்காருங்க" என்றாள்.

வெங்கடாசலம் அவளைப் பார்த்தான். நகர்ந்து உட்கார்ந்தான்.

வலதுகையால் பிடியைச் சுற்றி, இடதுகை விரல்களால் துணியை நடத்தினாள். முதலில் ஒரு சாண் தூரம். ஊசி ஏறி இறங்குகிற தாளம் அவள் கைக்குப் பிடிபட்டது. பத்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட தாளம்தான் அது. தையல் நேராகப் போயிற்று. அவள் நிறுத்தித் துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"கோணலா இருக்குதுங்களா?"

"இல்ல" என்றான். ஓரத்தை விரலால் தடவி, "ஓரத்துல இன்னும் ஒரு நூலு உள்ள தள்ளிப் போட்டா நிக்கும்" என்றான்.

அன்றிலிருந்து அவள் காலையில் வெயில் மரத்தடிக்கு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவாள். அவன் இடதுகையில் சாக்கட்டியைப் பிடித்துத் துணியில் கோடு போட்டுக் கொடுப்பான். கோடு கொஞ்சம் நடுங்கும். அவள் வெட்டும்போது சரிபண்ணிக்கொள்வாள். மூன்றாம் நாள் கோடும் தேவைப்படவில்லை. நாரை வைத்துப் பார்த்து நேரே கத்தரி போட்டாள். வெங்கடாசலத்துக்கு அப்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்றது உண்மை. எழுந்து கரைப்பக்கம் போய்விட்டான். அங்கே சடையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். இவனுக்கும் ஒன்று கொடுத்தான். சாயங்காலம் வெங்கடாசலம் இடதுகையில் ஒரு கெண்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

"நான் புடிச்சது" என்றான்.

"நான் இன்னிக்கு நாலு முடிச்சுட்டேன்" என்றாள் அவள்.

அன்றைக்கு மீன் குழம்பு நன்றாக வாய்த்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பதினெட்டு ரவிக்கையும் ஒரு சுருக்குப்பையும் முடிந்தன.

முகூர்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பரிசல்களில் வந்தார்கள். முதல் நாளே புறப்பட்டுப் பாதி வழியில் தங்கி வந்திருந்தார்கள். பாதிப் பேருக்குத் தலை சுற்றியிருந்தது. மேட்டூர்ப் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் வைக்கத் தெரியாமல் பரிசலிலேயே நின்றார்கள். ஈச்சங்கோம்பைப் பெண்கள் பதினெட்டுப் பேர் ஒரே சிவப்பு ரவிக்கையில் கரையில் வரிசையாக நின்றிருந்தார்கள். காட்டுப் பச்சைக்கு முன்னால் அந்தச் சிவப்பு அப்படி எடுத்துக்காட்டிற்று. காளியாத்தாள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க் கைகொடுத்து, ஒவ்வொருத்தியாக இறக்கிவிட்டாள். முன்பு இடித்துக்கொண்டு பார்த்த பெண்ணையும் அவள்தான் இடுப்பில் தாங்கி இறக்கினாள்.

"பாத்து வா கண்ணு, வழுக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

கந்தம்மாள் எப்போதும்போலவே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, இடுப்பில் பூப்போட்ட சிவப்புச் சுருக்குப்பை தொங்க, எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்துக்கொண்டு நடந்தாள். மேட்டூர்ப் பெண்கள் இரண்டு பேர் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார்கள்.

பந்தியில் தினைச்சோறும் தேனும், அரிசிச்சோறும் கறிக்குழம்பும் பரிமாறினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வெங்கடாசலத்திடம், "நீங்கதான் தெச்சீங்களாமா? கையோட ஒட்டு ரொம்ப நேர்த்தியா இருக்குதுங்க" என்றாள்.

அவன் தப்பை கட்டின கையை உயர்த்திக் காட்டினான். "இதை வெச்சுட்டு நான் எங்க தெக்கறது? எல்லாம் என்ற ஊட்டுக்காரி" என்று, பந்தியின் மறுகோடியில் பாவாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லியம்மாளைக் காட்டினான். சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்தது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். செல்லியம்மாள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.

மறுநாள் காலையில் ஊர் திரும்பச் சடையன் பரிசலைத் தயாராக வைத்திருந்தான். மிஷினைக் கட்டிவிட்டார்கள். அப்போது சென்னியம்மாள் என்று ஒருத்தி வந்து நின்றாள். ஏரிக்கு மேலேயிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்கார உறம்பரை. இன்னும் அரைப்பகல் எதிர்த்துப் போனால் ஏரி முடிந்து ஆறு தொடங்குகிற இடத்தில் மத்திமரத்துப்பட்டி என்று ஒரு ஊர். அங்கே இருபத்திரண்டு பெண்கள்.

"எங்களுக்கு விசேசம் ஒண்ணுமில்லீங்க. இவுங்கள எல்லாம் பாத்தோம், ஆசையாயிருச்சு. துணி எங்கூர்லயே இருக்குது, போன சந்தையில எடுத்தது" என்றாள்.

வெங்கடாசலம் மனைவியைப் பார்த்தான். தைக்கப்போகிறவள் அவள்தானே.

செல்லியம்மாள் பிள்ளைகளை நினைத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பரிசல்கள் இன்னும் கரையில்தான் இருந்தன. அவற்றில் ஓமலூர்ச் சந்தைக்குப் போகிறவன் ஒருவன் இருந்தான். அவனைக் கூப்பிட்டு, அத்தாயியின் வீட்டு அடையாளம் சொன்னாள். "ஒரு வாரம் செண்டு வாரோம், அப்பனுக்குக் கையில அடி, இப்பத் தேவலைன்னு புள்ளைங்ககிட்டச் சொல்லுங்க. இந்தத் தேனையும் குடுத்துருங்க" என்று ஒரு குடுக்கையை அவனிடம் கொடுத்தாள்.

பிறகு பரிசலில் ஏறினாள். சென்னியம்மாளும் ஏறிக்கொண்டாள். சடையன் தெற்கே திருப்ப வேண்டியதை வடக்கே திருப்பினான்.

போகப்போக ஏரி குறுகிற்று. இரண்டு பக்கமும் பாறைகள் எழும்பி நின்றன. அலை அடிக்கிற சத்தம் போய், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மத்திமரங்கள் வெள்ளை வெள்ளையாக அடிமரத்தைக் காட்டிக்கொண்டு கரையோரம் நின்றன. ஒரு நீர்நாய் பாறைமேல் ஏறி இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி முழுகிற்று. வெங்கடாசலம் மிஷின் பெட்டியின்மேல் இடதுகையை வைத்துக்கொண்டு, சென்னியம்மாளிடம் அந்த ஊர்ப்பக்கம் என்ன மீன் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

செல்லியம்மாள் மடியில் கற்றாழை நாரை வைத்து, இருபத்திரண்டு துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தாள்.